திரை தந்த அரசரும் ஏடு தந்த அரசரும்

அரசர்களைப் பற்றிய திரைப்படங்களும் புதினங்களும் வரலாற்று உண்மைக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்னும் வினா, கலைஞரும் வரலாற்றாசிரியரும் மட்டும் தம்முள் தீர்த்துக்கொள்ளத்தக்கதன்று. பிரசங்க பீடத்தில் நிற்கிறவர்க்கும் அதிற் பங்குண்டு. நம் சபையாரிற் பலர் கடந்த காலத்தை அறிந்துகொண்டது பாடநூல்களைக் காட்டிலும் திரைப்படங்களின் வாயிலாகவே. ஆயர் ஒருவர் தம் அருளுரையில், கட்டபொம்மனைப்போல் அஞ்சாதிருங்கள் என்றோ, எட்டப்பனைப்போல் காட்டிக்கொடாதிருங்கள் என்றோ சொல்லும்பொழுது, கேட்போரின் மனக்கண்முன் எழுகிறவர் 1799ஆம் ஆண்டில் வாழ்ந்த மனிதர் அல்லர். 1959ஆம் ஆண்டில் நடித்த நடிகரே. ஆயர் தம்மை அறியாமலே ஒரு திரைக்கதைக்குச் சாட்சி பகர்ந்துவிடுகிறார்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படுவது ஒன்றே. ஏடுகள் மௌனமாயிருக்கும் இடத்தைக் கற்பனையால் நிரப்பும் உரிமை கதாசிரியருக்கு உண்டு. ஆனால் பெயரும் குடும்பமும் வழித்தோன்றலும் உடைய ஒரு மனிதர்மீது, ஏடுகள் வேறுவிதமாய்ப் பேசியிருக்க, அவர் செய்யாததை ஏற்றிச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பொய்ச்சாட்சியை விலக்கிய கட்டளை உயிரோடிருப்போரை மட்டும் காப்பதன்று. இறந்தோரும் நமக்குப் பிறரே. தமக்காக வழக்குரைக்க இயலாதவராகையால் அவர்கள் மிகவும் பாதுகாக்கப்படத்தக்க பிறர்.

1. போடிப் பாளையமும் அரசர் மரபும்

நாம் ஊழியஞ் செய்யும் போடிநாயக்கனூர், ஏலமலைக்கு ஏறும் வாயிலில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். இங்கே அரசர் என்போர் கதையில் மட்டும் வருபவர் அல்லர். பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் வகுத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்களுள் போடியும் ஒன்று என்பது மரபு. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பெனியின் கைக்கு வந்தபோது, அச்சீமையைச் சார்ந்த போடியும் உடன் வந்தது. பின்பு பாளையம் ஜமீனாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறையும் ஒழிந்தது. அரண்மனை இன்றும் ஊருக்குள் நிற்கிறது.

அவ்வரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் ஓவியமாய்த் தீட்டப்பட்டுள்ளன. நாயக்கர் காலத்து ஓவிய மரபில் வந்தோர், புராண அரசர்களுக்குத் தம் காலத்து அரசவையின் உடையையும் அணிகலனையும் அணிவித்தே வரைந்தனர். அதைப் பொய் என்று எவரும் பழித்ததில்லை. ஏனெனில் எவரும் அச்சித்திரங்களைப் பழங்கால உடைக்குச் சான்றாகக் கொண்டதில்லை. பார்ப்பவர் இன்னதைப் பார்க்கிறோம் என்று அறிந்து பார்த்தனர். கலைஞரின் கற்பனை குற்றமற்றதாயிருப்பதற்கு இவ்வறிவே முதல் நிபந்தனை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பாளையக்காரர் தம் குல வரலாற்றை வம்சாவளி என்று எழுதி வைத்தனர். கர்னல் காலின் மெக்கன்சி (1754–1821) என்பார் தென்னாடெங்கும் திரட்டிய சுவடிகளுள் இத்தகையன பல உள. வடக்கேயிருந்து குடிபெயர்ந்து வந்த முன்னோர், அவருக்குத் தெய்வம் அருளிய வரம், அரசர் மெச்சிய ஒரு வீரச்செயல், அதற்குப் பரிசாய்க் கிடைத்த நிலம் என்னும் வரிசை அவற்றில் மீண்டும் மீண்டும் வரக் காண்கிறோம். இவை வரலாறா, கதையா? இரண்டுமே எனலாம். ஒரு குடும்பம் தன் நிலத்தின்மேல் தனக்குள்ள உரிமையை ஆள்வோர்முன் எடுத்துரைத்த விண்ணப்பங்கள் இவை. அவ்வாறு படித்தால் மிகுந்த பயன் தரும். நடந்ததை நடந்தவாறே சொன்னதாகப் படித்தால் வழிதவறச் செய்யும்.

மலைக்கு அப்பாலும் இதே நிலைதான். பூஞ்சாற்று அரச குடும்பத்தார் தம்மை மதுரைப் பாண்டியரின் வழியினர் என்றும், தம் முன்னோர் மலை கடந்து சென்று குடியேறினர் என்றும் கொள்கின்றனர். அம்மரபை ஆராய்வோர் ஆராய்க. ஆனால் 1877ஆம் ஆண்டில் அக்குடும்பத் தலைவர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் ஐயத்திற்கு இடமற்றது. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்கள் அப்பத்திரத்தை வேராகக் கொண்டு எழுந்தவை. அவற்றிற்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாய் ஏறிச் சென்ற குடும்பங்களின் வாழ்வும் அதனால் மாறிற்று. அரசரைப் பற்றிய கதை அரண்மனையோடு நின்றுவிடுவதில்லை. யாருக்கு எந்நிலம், யாருக்கு எம்மதிப்பு என்பதும் அதனைச் சார்ந்தே முடிவாகிறது.

2. கட்டபொம்மன்: படமும் பதிவும்

போடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் இராஜகம்பளத்து நாயக்கர்க்குப் பாஞ்சாலங்குறிச்சியின் வீரபாண்டிய கட்டபொம்மன் தம் இனத்தவர். சக்கம்மாளை வழிபட்டுத் தேவராட்டம் ஆடும் அம்மக்களிடம் அவரைப் பற்றிப் பேசுவது உறவினரிடம் உறவினரைப் பற்றிப் பேசுவதாகும். ஆகவே படத்திற்கும் பதிவிற்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனத்தோடு எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பி. ஆர். பந்துலு இயக்கி, சிவாஜி கணேசன் நடித்து, சக்தி டி. கே. கிருஷ்ணசாமி உரையாடல் எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வெளிவந்தது. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அதன் நாயகருக்குச் சிறந்த நடிகர் என்னும் பரிசு கிடைத்தது. அடிமைப்பட்டிருந்த நாடு விடுதலை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளே கழிந்திருந்த வேளையில், தலைகுனிந்திருந்த மக்களுக்கு நிமிர்ந்து நிற்கக் கற்பித்த படம் அது. அதன் நன்மையை நாம் மறுப்பவர் அல்லோம்.

படத்தில் யாவரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி, கலெக்டர் ஜாக்சனோடு நிகழும் வாக்குவாதம். வரி என்பதையே கொள்கையளவில் மறுக்கும் வீரராகக் கட்டபொம்மன் அங்கே முழங்குகிறார். சந்திப்பு உண்மையில் நடந்ததே. 1798ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், இராமநாதபுரத்தில் நடந்தது. ஆனால் நம் பள்ளிப் பாடநூல்களும் எடுத்துரைக்கும் கணக்கின்படி, பேஷ்கஷ் நிலுவையிற் பெரும்பகுதியை அவர் முன்னரே செலுத்தியிருந்தார். 1080 பகோடாக்களே எஞ்சியிருந்தன. கலெக்டரைக் காண அவர் ஊர் ஊராய் அலைக்கழிக்கப்பட்டார். கண்டபோது மணிக்கணக்கில் நிற்கவைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பும்போது நேர்ந்த கைகலப்பில் லெப்டினென்ட் கிளார்க் மாண்டார். அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பின்பு சென்னை அரசு நியமித்த மூவர் குழு விசாரித்துக் கட்டபொம்மன்மீது குற்றமில்லை என்று கண்டது. ஜாக்சன் பதவியிழந்தார்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. படத்தின் கட்டபொம்மன் வரி கொடாதவர். பதிவின் கட்டபொம்மன் பெரும்பகுதி கொடுத்தும் அவமதிக்கப்பட்டவர். படம் அவரைப் பெரியவராக்கிற்று என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் கொடுத்தவனையும் நிற்கவைத்த ஆட்சியின் கொடுமை படத்தைவிடப் பதிவிலேயே கூர்மையாய் வெளிப்படுகிறது. அவருடைய வீட்டுமொழி தெலுங்கு என்பதும், கலெக்டரோடு பேச்சு மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நடந்திருக்க வேண்டும் என்பதும் உரையாடலின் ஓசையில் மறைந்துபோகின்றன. இவை கலையின் பொருட்டு அனுமதிக்கத்தக்க மாற்றங்கள் என்றே நாம் கொள்கிறோம். இவற்றால் எவர் பெயரும் கெடவில்லை.

இறுதிக் காட்சி இன்னும் சிந்திக்கத்தக்கது. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், பாளையக்காரர் பலரைக் கூட்டிவைத்து, மேஜர் பானர்மன் விசாரணை நடத்தித் தூக்கிலிட்டார். படத்தில் கட்டபொம்மன் அங்கே நெடிய உரை ஆற்றுகிறார். பானர்மன் மறுநாள் மேலிடத்திற்கு எழுதிய கடிதமோ பேச்சைவிடப் பார்வையைப் பற்றியே மிகுதியாய்க் கூறுகிறது. எட்டையபுரத்தாரையும் சிவகிரியாரையும் அவர் இகழ்ச்சியோடு நோக்கினார். உறுதியான நடையோடு தூக்குமரத்திற்குச் சென்றார். வாய் பேச இயலாத தம் தம்பியைக் குறித்தே கவலை தெரிவித்தார். கோட்டையை விட்டு வெளியேறாமல் அதைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாம் என்று வருந்தினார். இவற்றை எழுதியவர் அவரைத் தூக்கிலிட்ட பகைவர். பகைவரின் கையெழுத்தில் நிற்கும் இச்சான்றைவிடப் பெரிய புகழுரை எந்தத் திரைக்கதையிலும் இல்லை.

அதே வேளையில் பதிவேடுகளை வேதவாக்காகக் கொள்ளுதலும் தகாது. பானர்மன் தாம் செய்த கொலைத் தண்டனைக்கு நியாயம் காட்டும் பொருட்டு எழுதியவர். கும்பெனியின் கடிதங்களில் பாளையக்காரர் பெரும்பாலும் கலகக்காரராகவும் கொள்ளைக்காரராகவுமே தோன்றுகின்றனர். அக்கண்ணாடியை அப்படியே அணிந்துகொண்டவர்களும் உளர்; தமிழ்வாணன் எழுதிய நூலின் பெயரே கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றது. தெய்வமாக்குதலும் திருடனாக்குதலும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். இவ்விரண்டிற்கும் இடையே, மக்கள் பாடிவந்த கதைப்பாடல்கள் உள்ளன. நா. வானமாமலை தொகுத்த கட்டபொம்மு கதைப்பாடல் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. கும்பெனிக் கடிதம், கதைப்பாடல், ஊரார் நினைவு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துக் கேட்டறிதலே முறை. ஒரே சாட்சியின் வாக்கால் எவனையும் குற்றவாளியாக்கலாகாது என்று உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் கற்றவர்க்கு இம்முறை புதியதன்று.

3. எட்டப்பன் என்னும் பெயர்

மேலே கூறிய மாற்றங்கள் யாரையும் கெடுக்கவில்லை. ஆனால் ஒரு மாற்றம் கெடுத்தது. இன்று தமிழில் எட்டப்பன் என்றால் துரோகி என்று பொருள். கதைப்பாடலிலும் ஊர்ப்பேச்சிலும் முன்னரே இருந்த கசப்பைத் திரைப்படம் நாடெங்கும் பரப்பி நிலைநாட்டிற்று.

ஏடுகள் கூறுவது யாது? எட்டையபுரத்தார் கும்பெனிக்குத் துணைநின்றது உண்மை. கட்டபொம்மனைப் பிடிக்க அவர்கள் முயன்றதும் உண்மை. இதை மறைப்பது வேறொரு பொய்யாகும். ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்சிப் பகுதியில். பிடித்துக் கும்பெனியிடம் ஒப்படைத்தவர் தொண்டைமானின் ஆட்கள். எட்டையபுரத்திற்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே எல்லைத் தகராறுகள் பழையன. ஆகவே உடனிருந்து முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த யூதாசின் நிலை எட்டையபுரத்தாரது நிலையன்று. வெளிப்படையான பகையாளிகள் அவர்கள். அன்றியும் எட்டப்பன் என்பது தனியொருவர் பெயருமன்று. தலைமுறை தலைமுறையாய் அப்பாளையத்தார் தரித்த பட்டப்பெயர். ஒருவர் செய்ததற்காக முன்னோரும் பின்னோரும் யாவரும் வசைச்சொல் ஆயினர்.

அவ்வரண்மனை செய்த பிறவற்றை எவர் நினைக்கிறார்? சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் எட்டையபுரத்தில் வாழ்ந்தார். முத்துசாமி தீட்சிதர் அங்கே ஆதரவு பெற்று 1835இல் அங்கேயே உயிர்நீத்தார். 1882இல் அவ்வூரில் பிறந்த சுப்பிரமணியன் என்னும் சிறுவனுக்குப் பாரதி என்னும் பட்டம் கிடைத்ததும் அவ்வூர் அவையிலேதான். ஒரு குடியின் முழுச் சரித்திரத்தையும் ஒரே சொல்லில் அடைத்து, அச்சொல்லை வசையாக்கி, அக்குடியின் பிள்ளைகள் பள்ளியில் அதைக் கேட்டு வளரச் செய்வது நீதியாகுமா? பிரசங்க பீடத்திலிருந்தும் அச்சொல் ஒலிக்கும்பொழுது, ஒன்பதாம் கட்டளையை விளக்க வேண்டிய இடமே அதை மீறும் இடமாகிவிடுகிறது.

படம் எடுக்கப்படாமையும் ஒருவகைப் பிழையை விளைக்கிறது. மருது சகோதரரைப் பற்றிய 'சிவகங்கைச் சீமை' அதே 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் போடி அடங்கிய திண்டுக்கல் சீமையிலேயே, கும்பெனிக்கு எதிராய்ப் பாளையக்காரரை ஒன்றுதிரட்டி 1801இல் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால நாயக்கருக்கு அத்தகைய பெரும்படம் வாய்க்கவில்லை. அதனால் அவர் வாழ்ந்த சீமையிலேயே அவர் பெயரை அறியாதார் பலர். திரை காட்டியவரே வரலாறு, காட்டாதவர் இல்லாதவர் என்னும் எண்ணம் வளர்ந்துவிடுகிறது.

4. மௌனத்தை நிரப்பும் கலை

கற்பனையை நாம் வெறுப்பதாகக் கருதவேண்டா. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராய் வந்தது. மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022இலும் 2023இலும் இரு படங்களாயிற்று. அதன் நடுவே நிற்பது ஆதித்த கரிகாலனின் கொலை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் குறித்து, அவர்தம் உறவினரின் நிலங்கள் பறிமுதலானதைக் கூறுகிறது. கொலைக்குக் காரணம் யாது, பின்னின்று ஏவியவர் எவர் என்பது பற்றிக் கல் பேசவில்லை.

அம்மௌனத்தில்தான் கல்கி நந்தினி என்னும் பாத்திரத்தைப் படைத்தார். நந்தினி வரலாற்றில் இல்லாதவள். ஆகவே அவள்மீது சுமத்தப்பட்ட சூழ்ச்சியால் எந்த மனிதர்க்கும் பழியில்லை. மாறாக, வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார், அக்கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று ஐயுற்றார். பிற்கால ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. பெயருடைய ஒருவர்மீது ஐயத்தை வைத்தவர் வரலாற்றறிஞர்; இல்லாத ஒருத்தியின்மேல் பழியை வைத்தவர் கதாசிரியர். இக்காரியத்தில் கதாசிரியரே ஒன்பதாம் கட்டளைக்கு அருகில் நின்றார் எனலாம். ஆயினும் நந்தினி உண்மையில் வாழ்ந்தவள் என்று நம்புகிற வாசகர் இன்றும் உளர். கற்பனை எது என்று தெளிவாய் அறிவிக்கும் பொறுப்பு ஆசிரியரோடு ஆசிரியரைக் கற்பிப்போர்க்கும் உண்டு.

5. டியூடர் அரசவையின் எடுத்துக்காட்டு

இவ்வினா நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் திருச்சபையின் வழிபாட்டு முறைகளிற் சிலவற்றிற்கு மூலமான பொது ஜெபப் புத்தகம் பிறந்த டியூடர் அரசர் காலத்து இங்கிலாந்தும், ஓயாமல் நாடகமும் புதினமும் திரைப்படமும் ஆகிவருகிறது. அங்கும் மூவகை மாற்றங்களைக் காண்கிறோம்.

முதலாவது, தீங்கற்ற கற்பனை. எலிசபெத்து அரசியும் ஸ்காத்து நாட்டரசி மேரியும் ஒருபோதும் நேரில் சந்தித்ததில்லை. 1568 முதல் 1587இல் தலைவெட்டுண்ணும்வரை இங்கிலாந்தில் சிறையிருந்தும் மேரி அவரைக் காணவில்லை. ஆயினும் ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் 1800இல் தம் நாடகத்தில் இருவரையும் சந்திக்க வைத்தார். 2018ஆம் ஆண்டுத் திரைப்படமும் அவ்வாறே செய்தது. நம் நாட்டவரான சேகர் கபூர் 1998இல் எடுத்த 'எலிசபெத்' படத்தில் அமைச்சர் வில்லியம் சீசல் முதியவராய்க் காட்டப்பட்டு விரைவில் ஓய்வுபெறுகிறார். உண்மையில் 1558இல் எலிசபெத்து அரியணை ஏறியபோது அவருக்கு வயது 38. 1598இல் இறக்கும்வரை அவர் அரசிக்குப் பணிபுரிந்தார். இவை பிழைகள், ஆயினும் பழிகள் அல்ல.

இரண்டாவது, புனிதரும் கொடியவரும் இடம் மாறுதல். இராபர்ட் போல்ட்டின் நாடகத்திலும் அதன் வழிவந்த 1966ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் தாமஸ் மோர் மனச்சாட்சியின் வீரர். தாமஸ் குரோம்வெல் சூழ்ச்சிக்காரர். ஹிலரி மான்டெல் 2009இல் எழுதிய 'உல்ஃப் ஹால்' புதினத்தில் குரோம்வெல் மனத்தைக் கவர்பவர், மோர் கடுமையானவர். 1535இல் மனச்சாட்சிக்காக உயிர்கொடுத்த அதே மோர், 1529 முதல் 1532 வரை தலைமை அமைச்சராயிருந்தபோது சீர்திருத்தக் கொள்கையினர் எரிக்கப்பட்டதை நியாயப்படுத்தியவர். இரு படைப்புகளும் சேர்ந்தே ஒரு மனிதரைக் காட்டுகின்றன. தனித்தனியே பாதி மனிதரைக் காட்டுகின்றன.

மூன்றாவதே அஞ்சத்தக்கது. ஆன் போலின் அரசி 1536ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் கொல்லப்பட்டார். தம் உடன்பிறந்தானோடும் தகாத உறவு கொண்டார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. குற்றப்பத்திரிகையிற் குறிக்கப்பட்ட நாட்கள் பலவற்றில் அவர் குறிக்கப்பட்ட இடத்திலேயே இல்லை என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். வரலாற்றறிஞர் பெரும்பாலோர் அக்குற்றச்சாட்டைப் பொய் என்றே கொள்கின்றனர். ஆனால் 2001இல் வெளிவந்து பெரிதும் விற்பனையான ஃபிலிப்பா கிரிகோரியின் புதினம், அப்பழி மெய்யாயிருக்கலாம் என்று வாசகர் எண்ணும் வண்ணம் கதையை நடத்துகிறது. கொன்றவர்கள் புனைந்த குற்றப்பத்திரிகைக்கு ஏறக்குறைய 465 ஆண்டுகளுக்குப் பின் புதிய சாட்சி கிடைத்தது. எட்டையபுரத்தாருக்கு நேர்ந்ததும் ஆன் போலினுக்கு நேர்ந்ததும் அளவில் வேறாயினும் இயல்பில் ஒன்றே.

6. நம் வீட்டுக் கதைகள்

பிறர் கண்ணில் துரும்பைக் காணும் நாம் நம் வீட்டையும் சோதிக்க வேண்டும். ஜான் ஃபாக்ஸ் 1563இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இரத்தசாட்சிகளின் வரலாறு நம் முன்னோரின் விசுவாசத்தை ஊட்டி வளர்த்த நூல். அதில் அரிய ஆவணங்கள் உள. ஆனால் அது ஒரு சார்பினரின் வழக்குரை என்பதையும் மறவாது படிக்கவேண்டும். பேராயர் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு இன்றும் பாளையக்காரர் காலத்தை ஆராய்வோர்க்குத் துணையாகிறது. அதே கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணாரைப் பற்றி எழுதிய நூல், உயிரோடிருந்த ஒரு சமுதாயத்தார்க்கு ஆறாத புண்ணை உண்டாக்கிற்று. அறிவும் பக்தியும் உடைய ஒருவரே எழுதினும் பிறரைப் பற்றிய சொல் காயப்படுத்தக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மிஷனெரிமாரின் வாழ்க்கை வரலாறுகளை நாம் எழுதும் முறையும் அரசர் கதை எழுதும் முறைதான். கப்பலில் வந்திறங்கிய ஒருவர் நடுவே நிற்கிறார். அவரோடு நடந்த உபதேசியார் பெயரின்றிப் பின்னே வருகிறார். பெயர் கூறப்படாமல் விடப்படுவதும் அநீதியே.

7. பீடத்தில் நிற்போர்க்குச் சில நெறிகள்

திருமறையே நமக்கு இவ்வகையில் ஆசிரியராயிருக்கிறது. தாவீதின் சரித்திரத்தைச் சாமுவேல் புத்தகம் பத்சேபாளின் காரியத்தோடு கூறுகிறது. நாளாகமம் அதைக் கூறாது விடுகிறது. மனாசேயின் மனந்திரும்புதலை நாளாகமம் கூறுகிறது. இராஜாக்கள் புத்தகம் கூறவில்லை. ஒரே அரசரைப் பற்றிய இரு நூல்களையும் அழிக்காமல் காத்துவைத்தனர் நம் முன்னோர். அவற்றினும் சிறந்தது நாத்தான் தீர்க்கன் கற்பிக்கும் பாடம். அரசனிடம் அவன் ஒரு கதை சொன்னான், அது கற்பனை. அக்கதையில் வரும் ஐசுவரியவானுக்குப் பெயரில்லை. பின்பு அம்மனிதன் நீயே என்று அவன் சுட்டியபோது, சுட்டியது நடந்த குற்றத்தை. கற்பனை சொன்ன இடத்தில் பெயர் இல்லை. பெயர் சொன்ன இடத்தில் கற்பனை இல்லை. வரலாற்றுப் புதினம் எழுதுவோர்க்கும் அதை மேற்கோள் காட்டும் ஆயர்க்கும் இதனினும் தெளிந்த இலக்கணம் இல்லை.

இதன்வழி நாம் நான்கு நெறிகளை முன்வைக்கிறோம். முதலாவது, திரைப்படக் காட்சியை எடுத்தாளும்போது, திரைப்படத்தில் வருகிறபடி என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு சொற்களில் பெரும்பிழை நீங்கும். இரண்டாவது, புகழும் காட்சியைவிடப் பழிக்கும் காட்சியை மிகுதியாய்ச் சோதிக்க வேண்டும். ஒருவரைத் துரோகி என்று சொல்லுமுன் இரு சாட்சிகளையேனும் தேட வேண்டும். மூன்றாவது, சான்று தந்தவர் யார், அவர்க்கு இதனால் என்ன ஆதாயம் என்று கேட்க வேண்டும். கும்பெனி அதிகாரியானாலும், அரண்மனைப் புலவரானாலும், மிஷனெரியானாலும் இக்கேள்வி பொருந்தும். நான்காவது, அச்சொல்லைக் கேட்டுக்கொண்டு சபையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் குடும்பப் பெயர் அதுவாயிருக்குமோ என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

8. ஏடு எழுதும் கடமை

அரசர் கதைகளின் பெருங்குறை, அவை பொய் சொல்வதைவிட அரண்மனைக்கு வெளியே பாராதிருப்பதே. போடியின் மலைச்சாரலை நோக்குக. விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் களைத்துத் திரும்பும் பெண்கள் பலர். காய் பறிப்பதும் களை எடுப்பதும் அவர்கள் கைகளே. போடியில் ஏலம் விடப்படும் ஏலக்காய்க்கு நாள்தோறும் விலை பதிவாகிறது. பறித்த கைகளின் கதைக்குப் பதிவு இல்லை. மலைமீது காட்டை அழித்துத் தோட்டம் போட்ட முதல் தலைமுறையின் பெயர்களை எவ்வம்சாவளியும் தாங்கவில்லை.

ஆயினும் ஓரிடத்தில் அத்தகைய பெயர்கள் உள்ளன. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் அடக்கப் பதிவேட்டிலும் தந்தை பெயர், தாய் பெயர், ஊர், தொழில் என்று ஆயரின் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அரசரின் கடிதங்களைப்போல் அவை புகழ்பெற்றவை அல்ல. ஆனால் அரண்மனை மறந்த மனிதர் வாழ்ந்ததற்கு அவையே சாட்சி. நாளை இம்மலைச்சாரலைப் பற்றிப் புதினம் எழுதவோ படம் எடுக்கவோ வருகிறவர் உண்மையைத் தேடுவாராயின், கரையான் அரியாத ஓர் ஏடு அவர்க்குக் கிடைக்க வேண்டும்.

ஆகையால் ஆயர்களும் இறையியல் மாணவரும் இரண்டு பொறுப்புகளை ஒருங்கே மேற்கொள்வாராக. பிறர் எழுதிய அரசர் கதைகளைச் சோதித்துப் பேசுக. எளியவரின் பெயர்களைப் பிழையின்றி எழுதிவைக்க. பொய்ச்சாட்சியை விலக்குவது கட்டளையின் பாதி; உண்மைச் சாட்சியைக் காத்துக் கொடுப்பது அதன் மறுபாதி.